ஐந்து கோடி, 537 விக்கெட், ஒரு கேரம் போர்டு: இந்த வாரச் சண்டை இங்கே

#1 கொருக்குப்பேட்டை கேட் (டிசம்பர் 19, 2024, இரவு 8.10)

கேட் மூடியிருக்கிறது. சரக்கு ரயில் நடுவில் நின்றுகொண்டு என்ன யோசிக்கிறதோ தெரியவில்லை. அது நகர்வதற்குள் இந்த வார இழையைத் திறந்துவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை சிங்கப்பூரில் குகேஷ், டிங் லிரெனை 7.5–6.5 என்று வீழ்த்தி 18 வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனார். மறுநாளே தமிழக அரசு ஐந்து கோடி ரூபாய் அறிவித்தது. அதே நாளில் ஐதராபாத்தில் தெலுங்கு நடிகர் அல்லு அர்ஜுன் கைதானார். அன்றைக்கே இடைக்கால ஜாமீனும் கிடைத்தது. தபலா மேதை ஜாகிர் உசேன் காலமாகிவிட்டார். நேற்று பிரிஸ்பேனில் அஸ்வின் ஓய்வை அறிவித்துவிட்டு மூட்டையைக் கட்டிவிட்டார். நாளை வெற்றிமாறனின் ‘விடுதலை’ இரண்டாம் பாகம். ஒரு மாதத்துக்குப் பேச வேண்டியதை ஒரே வாரத்தில் கொட்டியிருக்கிறார்கள்.

என் புலம்பல் வேறு. போன மாதம் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் நம் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண் காசிமா, ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கினார். வயது 17. செய்தி வரவில்லை என்று சொல்லமாட்டேன், வந்தது. ஆட்டோ ஓட்டுநரின் மகள் என்று வந்தது. குகேஷைப் பற்றி டாக்டர் மகன் வெற்றி என்று எவராவது தலைப்பு வைத்தார்களா? அவருக்குப் பெயர் போதுமாம். இவருக்கு அப்பாவின் வண்டியும் வேண்டுமாம். ஐந்து கோடி போல ஒரு தொகை இந்தப் பக்கம் திரும்பியதாக என் காதில் இன்னும் விழவில்லை.

கேட் திறந்துவிட்டது. நான் வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்குவதற்குள் நீங்கள் இங்கே திட்டத் தொடங்கலாம்.

#2 சதுரங்கப் பித்தன் (இரவு 8.42)

அண்ணா, காசிமாவைப் பாராட்டுவதற்குக் குகேஷை எதிரில் நிறுத்த வேண்டியதில்லை. டாக்டர் மகன் என்று நீங்கள் சொல்வதில் ஒரு குத்தல் இருக்கிறது. அந்த டாக்டர் தன் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனவர். குடும்பம் அம்மாவின் சம்பளத்தில் ஓடியது. பெற்றோரின் நண்பர்கள் பணம் போட்டு அனுப்பிய போட்டிகளும் உண்டு. இதை அவரே சொல்லியிருக்கிறார்.

அதைவிட முக்கியமான ஒன்றை எல்லோரும் விட்டுவிடுகிறீர்கள். 2023 டிசம்பரில், உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேன்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெறக் குகேஷுக்குப் புள்ளிகள் தேவைப்பட்டன. ஆண்டு முடியப்போகிறது. அந்த நேரத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் என்ற போட்டியை அவசர அவசரமாக நடத்தியது. குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் சம புள்ளிகள். டைபிரேக் கணக்கில் கோப்பை குகேஷுக்கு. அந்தப் புள்ளிகளோடுதான் அவர் கேன்டிடேட்ஸுக்குள் நுழைந்தார். 2024 ஏப்ரலில் டொராண்டோவில் அதை வென்றார். பிறகுதான் சிங்கப்பூர்.

ஐந்து கோடி, வென்ற பிறகு கொடுத்தது. அந்தப் போட்டி, வெல்வதற்கு முன்னால் கொடுத்தது. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். காசிமாவுக்காக வாதாட நினைத்தால் அவருக்கு அப்படி ஒரு டிசம்பர் கிடைத்ததா என்று கேளுங்கள். காசோலையின் பூஜ்ஜியங்களை எண்ணிக்கொண்டிருப்பது வீண்.

#3 காசிமேட்டுக் கருவாடு (இரவு 9.05)

பித்தரே, நீங்கள் இவ்வளவு நியாயமாகப் பேசினால் இந்த இழை எப்படி ஓடும்?

எனக்கு வேறு ஒரு எரிச்சல். கடைசி ஆட்டத்தில் டிங் 55-ஆவது நகர்த்தலில் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார், கதை முடிந்தது. உடனே ரஷ்யச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர், டிங் வேண்டுமென்றே தோற்றார் என்று சந்தேகம் கிளப்பினார். முன்னாள் சாம்பியன் கிராம்னிக், சதுரங்கத்துக்கே சாவு வந்துவிட்டதுபோல் எழுதினார். ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கிறது, டிராதான் ஆகும் என்று உலகமே சொல்கிறது, அப்படியும் எழுந்து போகாமல் உட்கார்ந்து குடைந்துகொண்டே இருந்தானே அந்தப் பிள்ளை, அது ஆட்டம் இல்லையா? குத்துச்சண்டையில் எதிராளி களைத்துப்போய்க் கையைத் தாழ்த்தினால் குத்தாமல் நின்று கும்பிடுவார்களா?

#4 பெரம்பூர் லோகோ (இரவு 9.31)

யாரும் சொல்லத் துணியாததை நான் சொல்கிறேன், கல்லெறிய விரும்புகிறவர்கள் எறியலாம்.

கேரம் உலகக் கோப்பையும் சதுரங்க உலகச் சாம்பியன் பட்டமும் ஒன்றல்ல. கேரமில் வலுவான நாடுகள் என்றால் நாம், இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு. மற்ற நாடுகளில் பெரும்பாலும் பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள். உலகச் சாம்பியன் ஆவதைவிட இந்தியச் சாம்பியன் ஆவது கடினம் என்று கேரம் ஆடுகிறவர்களே சொல்வார்கள். ஒலிம்பிக்கில் கேரம் கிடையாது, ஆசிய விளையாட்டிலும் கிடையாது. ஆகவே இரண்டுக்கும் ஒரே தொகை கொடு என்று கேட்பது உணர்ச்சி, கணக்கு இல்லை.

நான் பெரம்பூர்க்காரன், என் பேட்டைப் பெருமை எனக்கும் உண்டு. பெருமைக்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

#5 மணிக்கூண்டு அக்கா (இரவு 10.15)

லோகோ தம்பி, கல்லெறியமாட்டேன். நீங்கள் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

அகில உலகக் கேரம் கூட்டமைப்பு எங்கே தொடங்கப்பட்டது தெரியுமா? 1988-இல், இதே சென்னையில். சதுரங்கத்துக்கு உலக அமைப்பு பாரிஸில் பிறந்தது. நாம் பின்னால் போய்ச் சேர்ந்தோம். கேரமில் நாம்தான் வீட்டுக்காரர்கள். வீட்டுக்காரரே கூரை வேயாமல் விட்டுவிட்டு, இந்த ஆட்டத்துக்கு உலகத்தில் மதிப்பில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? போட்டி அடர்த்தியாக இல்லை என்றால் அடர்த்தியாக்க வேண்டிய பொறுப்பு யாருடையது?

சாம்பியன்களுக்கு இங்கே பஞ்சமே வந்ததில்லை. இரண்டு முறை உலகச் சாம்பியன் மரிய இருதயம் சென்னைக்காரர். 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. கேரமில் அந்த விருது அவரோடு தொடங்கி அவரோடே நின்றுவிட்டது. வியாசர்பாடி இளவழகி 2008-இல் பிரான்சில் உலகச் சாம்பியன் ஆனார். இப்போது காசிமா. ஒவ்வொரு முறையும் நாம் அடடா, குடிசைப் பகுதியிலிருந்து ஒரு சாதனை என்று வியக்கிறோம். மூன்றாவது முறையும் வியப்பு வருகிறது என்றால் அது நம் மறதி.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். கேரம் போர்டு ஒன்று இருந்தால் போதும் என்று நினைக்கிறீர்கள். போட்டித் தரத்துக்குப் பலகை 74 சென்டிமீட்டர் சதுரம், மேற்பரப்பு கண்ணாடிபோல இருக்க வேண்டும். மழைக்காலத்தில் நம் வீடுகளின் ஈரத்துக்குப் பலகை வீங்கிக்கொள்ளும்; பவுடரை எவ்வளவு கொட்டினாலும் காய் நடுவழியில் படுத்துவிடும். விளக்கு நேர் மேலே தொங்க வேண்டும், பக்கத்திலிருந்து வந்தால் நிழல் விழும். ஸ்டிரைக்கர் பதினைந்து கிராமுக்குமேல் போகக்கூடாது. சின்ன வயதில் தெருமுனையில் நாற்பது வாட் குண்டு பல்புக்குக் கீழே ஆடிப் பழகிய பிள்ளை, போட்டி அரங்கின் வெளிச்சத்திலும் வழவழப்பிலும் முதல் இரண்டு சுற்றைப் பறிகொடுத்துவிட்டுத்தான் நிமிரும். திறமையில் குறைவு இல்லை; அந்த வேகம் அதற்குப் பழக்கமில்லை.

பெண் பிள்ளைகளின் கதை தனி. தெருமுனைக் கேரம் மன்றங்கள் இருட்டிய பிறகுதான் களைகட்டும். வேலை முடிந்து வரும் அண்ணன்மார்கள், கட்சிக்கொடி, பீடிப் புகை. பன்னிரண்டு வயதுப் பெண்ணை அங்கே யார் அனுப்புவார்கள்? காசிமாவுக்கு அப்பாவும் அண்ணனும் கேரம் பித்து பிடித்தவர்களாக வாய்த்தார்கள். வாய்க்காத பெண்கள் எத்தனை பேர் பத்தாம் வகுப்போடு ஸ்டிரைக்கரை வைத்துவிட்டார்கள் என்று யார் கணக்கெடுத்தது? எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் விளையாட்டுக்கென்று கட்டிய அறை ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பாலும் நாற்காலிகள்தாம் ஓய்வெடுக்கின்றன. சாவி எவரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார்.

#6 பெரம்பூர் லோகோ (இரவு 10.24)

அக்கா, அடர்த்தியாக்க வேண்டியது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே தொகை என்ற பேச்சை மட்டும் இப்போதும் ஏற்கமாட்டேன்.

#7 மகாராணி பால்கனி (இரவு 11.02)

நான் சினிமாக்காரன், அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன்.

கேரம் என்றதும் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு நினைவு வருவது 2018-இல் வந்த ‘வட சென்னை’ படத்தின் தனுஷ். கேரம் ஆட்டக்காரனாகத் தொடங்குகிறான், சிறைக்குள்ளும் போர்டு வருகிறது, பிறகு கத்தி வருகிறது, கத்தி வந்த பிறகு போர்டு ஓரமாகப் போய்விடுகிறது. அருமையான படம், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் பேட்டையை வைத்து எடுத்த படங்களில் விளையாட்டு, அடிதடிக்குள் நுழையும் வாசலாகவே வருகிறது. 2014-இல் வந்த ‘மெட்ராஸ்’ படத்தில் கால்பந்து ஆடுவார்கள். ஆனால் உயிர்கள் போவது ஒரு சுவருக்காக. விளையாட்டையே நடுவில் வைத்துக் கதை சொன்னது 2021-இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’. அதிலும் நாயகன் சாராயத்துக்குப் போய்த்தான் திரும்புகிறான். இருந்தாலும் பயிற்சி, வாத்தியார், பரம்பரை மானம், எதிர்ப்பக்கம் இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று அந்த உலகத்துக்கு மரியாதை கொடுத்தார் பா. ரஞ்சித். படம் ஓடிடி-யில் வந்தது. ராயபுரத்துக் குத்துச்சண்டைக் கதையை ராயபுரத்துத் திரையரங்கில் பார்க்கும் வாய்ப்பு கொரோனாவால் போனது. எனக்கு இன்றும் அந்த வருத்தம் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டுதான் நம் அகஸ்தியா திரையரங்கையும் இழுத்து மூடினார்கள்.

நிஜத்தில் குத்துச்சண்டை எப்படிப் போனது? 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம் ஆடினார். நம் ஊர் ராக்கி பிராஸும் அவரோடு கையுறை மாட்டி நின்றார். எம்.ஜி.ஆர். நேரில் வந்து பார்த்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகாவது இங்கே நிரந்தரமாகப் பத்துக் குத்துச்சண்டை மேடைகள் எழுந்திருக்க வேண்டாமா? நமக்கு மிஞ்சியது தாத்தாக்களின் கதை. அந்தக் கதையையும் சினிமாதான் வந்து எடுத்துப் போனது.

நாளைக் காலைக் காட்சிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ‘விடுதலை’ எழுத்து நாளை இரவு.

#8 தண்டையார்பேட்டைத் தம்பி (டிசம்பர் 20, காலை 7.20)

எல்லோரும் தூங்கி எழுந்தீர்களா? அஸ்வினைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே.

106 டெஸ்ட், 537 விக்கெட், ஆறு சதம். இந்தியாவுக்காக இவரைவிட அதிக டெஸ்ட் விக்கெட் எடுத்தவர் கும்ப்ளே ஒருவர்தான். செப்டம்பரில்தான் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராகச் சதமும் ஆறு விக்கெட்டும். மூன்று மாதத்தில் தொடரின் நடுவே, ரோகித் பக்கத்தில் உட்கார, சில நிமிடங்கள் பேசிவிட்டு எழுந்து போய்விட்டார். பெர்த்தில் வாஷிங்டன் சுந்தர், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்று டெஸ்டுக்கு மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள்! இசை நாற்காலி நடத்துகிறார்களா, அணி தேர்ந்தெடுக்கிறார்களா?

அவர் போன விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. கடைசி ஆட்டம், மாலை, மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் என்று கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்கவில்லை. வெளியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் தூக்குவதற்கு நான் வரவில்லை என்று சொல்லாமல் சொன்னார். 2021 சிட்னியில் முதுகு வலியோடு விஹாரியுடன் நின்று டிரா செய்த மனிதர், தன் கதையை எப்போது முடிப்பது என்று அவரே முடிவு செய்யட்டும்.

இன்னொன்று. நடுவிரலால் சுண்டிவிடும் அந்தக் கேரம் பந்தை மேற்கு மாம்பலத்துத் தெருவில் டென்னிஸ் பந்தில் பழகி உலகத்துக்கே போட்டுக் காட்டினார். ஆகவே அவரும் இந்த இழைக்குப் பாதிச் சொந்தக்காரர்தான், அக்கா!

#9 காசிமேட்டுக் கருவாடு (காலை 7.58)

தம்பி, பாதியிலே விட்டுவிட்டு வந்ததைத் தியாகம் ஆக்காதீர்கள். சிட்னியில் சுழற்பந்து எடுக்குமே, அங்கே தேவைப்பட்டால்? தேர்வுக் குழுவின் மேல் கோபம் இருந்தால் தொடர் முடிந்த மறுநாள் சொல்லியிருக்கலாம். எனக்கு அவர்மேல் மரியாதை இருக்கிறது. அதனால்தான் இந்த முடிவு உறுத்துகிறது.

#10 தண்டையார்பேட்டைத் தம்பி (காலை 8.03)

சிட்னியில் அவரை எடுப்பார்கள் என்று உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது?

#11 கொருக்குப்பேட்டை கேட் (காலை 8.40)

மறுபடியும் கேட். மறுபடியும் நான்.

அல்லு அர்ஜுன் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். டிசம்பர் 4 இரவு, ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சிக்கு அவர் வந்தபோது சந்தியா திரையரங்கில் நெரிசலில் ஒரு தாய் இறந்தார், அந்தத் தாயின் மகன் மருத்துவமனையில் இருக்கிறான். ஒன்பது நாள் கழித்து நடிகர் கைது, ஒரு இரவு சிறை, காலையில் விடுதலை, பிறகு வீட்டு வாசலில் பிரபலங்களின் வரிசை. அந்த வரிசையைத்தான் நாள் முழுக்கக் காட்டினார்கள். இறந்த பெண்ணின் வீட்டு வாசலில் அந்த வரிசையில் பாதியாவது நின்றிருந்தால் நான் ஒன்றும் எழுதியிருக்கமாட்டேன்.

இங்கே நாம் யோக்கியர்கள் என்று காலரைத் தூக்கவேண்டாம். 2023 பொங்கல் சமயத்தில் கோயம்பேட்டில் லாரிமேல் ஏறி ஆடிய ஒரு ரசிகர் விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு நள்ளிரவுக் காட்சி, விடியற்காலைக் காட்சி எல்லாம் நின்று, பெரிய படங்களுக்கும் முதல் காட்சி ஒன்பது மணி என்றானது. என் மைத்துனன் உட்படப் பலர் அதை ரசிகர்களின் உரிமைப் பறிப்பு என்கிறார்கள். ஒன்பது மணிக்குப் போனால் படத்தின் கதை மாறிவிடுமா என்ன?

பித்தரே, உங்கள் டிசம்பர் கதையை நேற்று இரவு முழுக்க அசைபோட்டேன். அப்படி ஒரு போட்டியை ஏன் இங்கே நடத்தக்கூடாது? இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு ஆட்டக்காரர்களை வரவழைத்து ஒரு வாரம் கேரம் திருவிழா. அரங்கமும் நம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கார்ப் பந்தயத்துக்காகத் தீவுத்திடலைச் சுற்றிச் சாலையையே அடைக்க முடிந்த ஊரில், நான்கு கால் மேசைகளும் தொங்கும் விளக்குகளும் பெரிய செலவா?

#12 சதுரங்கப் பித்தன் (காலை 9.15)

அண்ணா, இப்போதுதான் வழிக்கு வந்தீர்கள். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நேரலை. மேலே ஒரு கேமரா, இரண்டு பேர் வருணனை. சதுரங்கத்தைப் பார்ப்பதற்கு ஆள் வந்தது இணையத்தில் விளக்கிச் சொல்ல ஆள் வந்த பிறகுதான். சிவப்புக் காயைப் போட்டுவிட்டு அடுத்த காயைப் போடத் தவறும் அந்த ஒரு நொடிப் பதற்றம் கேரமில் இருக்கிறதே, அது எந்த விளையாட்டுக்கும் குறைந்ததில்லை.

#13 மணிக்கூண்டு அக்கா (காலை 11.30)

திருவிழா வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒரு வாரம் விளக்குப் போட்டுவிட்டு மேசைகளை லாரியில் ஏற்றிப் போனால் மறுவாரம் என் பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள்? எனக்கு இருபது போர்டுள்ள ஓர் அறை, மாலை நான்கு முதல் ஏழு வரை பெண் பிள்ளைகளுக்கு மட்டும். முதலில் அது. திருவிழாவை அதற்கடுத்த வருடம் நடத்திக்கொள்ளுங்கள்.

ஜாகிர் உசேனைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன். சக்தி இசைக்குழுவில் அவருடைய தபலாவும் நம் விக்கு விநாயக்ராமின் கடமும் கேள்வி பதிலாகப் பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு அஸ்வினுக்காகச் சண்டை போடலாம்.

#14 மகாராணி பால்கனி (இரவு 9.50)

‘விடுதலை’ பார்த்தாயிற்று. விஜய் சேதுபதி பேசுகிறார், பேசுகிறார், இன்னும் பேசுகிறார். பேச்சில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். மீதிப் பாதியைக் காட்சியாக எடுத்திருக்கலாம். முதல் பாகத்தில் சூரியின் கண் வழியாகப் பார்த்தோம், அது நமக்கும் சேர்த்துப் பயந்தது. இதில் அவர் ஓரத்துக்குப் போய்விட்டார். எனக்கு முதல் பாகம் ஒரு படி மேல். திட்ட வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வரவும்.

#15 நெறியாளர் (இரவு 10.10)

ஆதாரமில்லாத வசூல் கணக்குகள் கொண்ட பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. அஸ்வின் விவாதத்தில் இருவர் ஒருவரையொருவர் வீட்டு விலாசம் கேட்டிருக்கிறார்கள். அது இங்கே வேண்டாம்.

#16 கொருக்குப்பேட்டை கேட் (ஜனவரி 2025, இரவு)

பழைய இழையை மேலே இழுப்பதற்கு மன்னிக்கவும், காரணம் இருக்கிறது. காசிமாவுக்கு ஒரு கோடி ரூபாயும், அவருடன் பதக்கம் வென்ற மித்ரா, நாகஜோதி இருவருக்கும் தலா ஐம்பது லட்சமும் அரசு கொடுத்திருக்கிறது. நல்ல காரியம். மூன்று பெயர்களும் மேடையில் ஒலித்தன என்பதில் எனக்கு இன்னும் மகிழ்ச்சி.

#17 பெரம்பூர் லோகோ (இரவு 9.12)

வாழ்த்துகள். தொகை சரியான தொகை. இதற்கும் யாராவது குகேஷோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால் நான் இந்த இழையை விட்டே போய்விடுவேன்.

#18 மணிக்கூண்டு அக்கா (இரவு 9.40)

மூவருக்கும் என் ஆசீர்வாதம். லோகோ தம்பி, எங்கேயும் போகாதீர்கள். அந்த அறையைக் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறேன். உங்களைப்போல் கறாராகக் கணக்குப் பார்க்கிற ஒருவர் செலவுப் பட்டியலைப் போட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும். இருபது போர்டு, ஸ்டாண்டு, விளக்கு, ஒரு வருடப் பவுடர், ஒரு பூட்டு. பூட்டுக்கு மூன்று சாவி.

#19 பெரம்பூர் லோகோ (இரவு 9.47)

நாளை போட்டுத் தருகிறேன் அக்கா. போர்டு எத்தனை மில்லிமீட்டர் ப்ளைவுட் வேண்டும்?